சுற்றா, நடையா? பலதரப்புக் கமுக்கக் கணக்கீட்டுக்கு ஒரு சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். பலர் தத்தம் எண்ணை மறைத்து வைத்துக்கொண்டே சேர்ந்து ஒரு விடையைக் கணக்கிடுவதுதான் பலதரப்புக் கமுக்கக் கணக்கீடு. அதில் ஒருவருக்கொருவர் ஒருமுறை செய்தி அனுப்பிக்கொள்வதை 'ரவுண்ட்' என்கிறார்கள். அதற்குப் புதிய தமிழ்ச் சொல் தேடுவது பற்றி நண்பர் ஒருவர் கேட்டது:

> ரவுண்ட் என்பதற்குச் 'சுற்று' இருக்கிறதே, புதிதாக ஏன்?

ஐயா, இந்தத் துறையில் சர்க்யூட்டும், அதாவது ஒரு கணக்கைச் சிறு படிகளாக ('வாயில்'களாக)க் கோத்த அமைப்பும், சுற்றுதான். ஒன்றுக்கு ஒன்று காத்திருக்கும் படிகளின் வரிசை நீளம்தான் அதன் ஆழம். 'சுற்றின் ஆழம் கூடினால் சுற்றுகள் கூடும்' என்று எழுதினால் படிப்பவர் எதை எதென்று எடுத்துக்கொள்வார்?

என் பரிந்துரை 'நடை'. 2024 கோடையில் பெங்களூரு தண்ணீருக்குத் தவித்தபோது, எங்கள் தெருத் தமிழர்கள் லாரிக்காரரிடம் கேட்டது "இன்னொரு நடை வருமா?" என்றுதான். கட்டட வேலையில் செங்கல்லும் மணலும் இன்றும் நடைக்கணக்குதான்.

விஷயத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒவ்வொருவரும் தன் எண்ணைக் கூறுகளாக்கிப் பகிர்ந்துவிட்டால், கூட்டலை அவரவர் இடத்திலேயே முடித்துக்கொள்ளலாம். பெருக்கலுக்குத்தான் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்ப வேண்டும். அது ஒரு நடை. பெங்களூருக்கும் டெல்லிக்கும் நேர்கோட்டில் சுமார் 1,700 கி.மீ.; கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகிறது. ஆக, எவ்வளவு விலை உயர்ந்த கணினி வாங்கினாலும் ஒரு நடைக்கு 8 மில்லிவிநாடிக்குக் குறையாது. ஒன்றின் விடைக்கு அடுத்தது காத்திருக்கும் பெருக்கல்கள் ஆயிரம் என்றால் ஆயிரம் நடை, காத்திருப்பு மட்டுமே 8 விநாடி. ஒன்றையொன்று சாராத ஆயிரம் பெருக்கல்களோ ஒரே நடையில் போய்விடும், சுமைதான், அதாவது அனுப்பும் தரவின் அளவுதான், ஏறும்.

கணினியியல் அறிஞர் ஆண்ட்ரூ யாவ் 1980களில் தந்த வழி இதற்கு நேர் எதிர். முழுச் சுற்றையும் (சர்க்யூட்டையும்) மறையாக்கி ஒரேயடியாக அனுப்பிவிடுகிறோம். ஆழம் எவ்வளவு போனாலும் நடை ஓரிரண்டுதான், ஆனால் சுமை பெரிது. அந்தச் சுமையைக் குறைக்க 2015இல் வந்த 'அரைவாயில்' முறையிலும் ஒரு 'அண்ட்' வாயிலுக்கு (இரண்டு உள்ளீடும் 1 என்றால் மட்டும் 1 தருவது) 32 பைட். ஒரு கோடி வாயில் என்றால் 32 கோடி பைட்.

ஆகவே 'நடைச்செலவு', 'சுமைச்செலவு'. எந்த முறை எந்த வலையமைப்புக்கு ஏற்றது என்று மாணவருக்குச் சொல்ல இந்த இரண்டு சொல்லே போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

உரைநடை, நடையழகு என்று வேறு பொருள்கள் உண்டுதான். ஆனால் 'மூன்று நடை' என்று எண்ணோடு வரும்போது யாரும் குழம்ப மாட்டார்கள்.

அப்புறம், துறையின் பெயராகப் 'பலதரப்புக் கணிப்பு' வேண்டாம். தேர்தல் கருத்துக்கணிப்பு ஞாபகம்தான் வருகிறது. 'கணக்கீடு' இருக்கட்டும்.

'சுமை'க்குப் பதில் 'பாரம்' என்பதில் மட்டும் எனக்கு இன்னும் முடிவில்லை. லாரி ஓடும் ஊர்க்காரர்கள், நாமக்கல் பக்கத்து நண்பர்கள், உங்கள் பேச்சில் எது வருகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து