காப்புத்தறி: அவசர சிகிச்சை வாசலில் நடும் பொலார்டுக்கு ஒரு சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனை அவசர வாசல்களில் வாகனத் தடுப்பைக் கட்டாயமாக்கும் விதியைத் தமிழில் எழுதும்போது, பொலார்டுக்குத் (bollard, வண்டி புகாமலிருக்கத் தரையில் நடும் குட்டைக் கம்பம்) ‘தடுப்புத்தூண்’ போதும் என்று இங்கே பலரும் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. தூண் என்றால் மேலே எதையாவது தாங்க வேண்டும். இது இடுப்பளவு உயரத்தில் தனியாக நின்று, வருகிற வண்டியின் இடியை வாங்கிக்கொள்வது. ‘தடுப்பு’ என்றாலோ, உருட்டிக்கொண்டு போய் வேறிடத்தில் நிறுத்தும் இரும்புச் சட்டம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும்.

அந்த வாசலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஸ்ட்ரெச்சர் உருள வேண்டும் என்பதால் படி இருக்காது. தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. அதை ஒட்டியே காத்திருப்போர் நாற்காலிகள். வண்டியை ஓட்டி வருபவருக்கே நெஞ்சுவலி இருக்கலாம். பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டால், குறுக்கே நிற்பது கண்ணாடி மட்டும்தான். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஒரு கார் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் புகுந்தது. ஓட்டியவர் இறந்தார், உள்ளே இருந்தவர்கள் காயமடைந்தார்கள்.

விதியில் சொல் தளர்ந்திருந்தால் பூந்தொட்டியும் பிளாஸ்டிக் கம்பமும் ‘தடுப்புத்தூண்’ என்று கணக்கில் ஏறிவிடும். எனக்கு அதுதான் கவலை. ஏஎஸ்டிஎம் (ASTM) என்ற தர அமைப்பின் எஃப்3016 மோதல் சோதனைத் தரத்தில் சுமார் 2,270 கிலோ வண்டியை மணிக்கு 16, 32, 48 கி.மீ. வேகங்களில் மோதவிட்டுச் சோதிக்கிறார்கள். வேகம் மூன்று மடங்கானால் மோதலின் ஆற்றல் ஒன்பது மடங்கு. அதைத் தாங்குவது வெளியே தெரியும் குழாய் மட்டுமல்ல, மண்ணுக்குள் இறங்கிய எஃகும் கான்கிரீட்டும்.

அந்தப் புதைவைச் சொல்லும் சொல் நம்மிடமே இருக்கிறது: தறி, அதாவது மண்ணில் ஊன்றிய கம்பம். யானையையே பிடித்து நிறுத்தும் தறி. ‘கம்பன் வீட்டுக் கட்டுத்தறி’ தெரியாதவர் யார்? பொலார்டும் முதலில் கப்பலைக் கட்டும் கட்டைதானே, பிறகுதான் தெருவுக்கு வந்தது. ஆகவே என் பரிந்துரை காப்புத்தறி. மோதல் சோதனையில் தேறியதற்கு மட்டுமே இந்தப் பெயர். வழி காட்டவும் அழகுக்கும் நிற்பவை குறிகம்பம். தரைக்குள் இறங்கி வழிவிடுவதை இறங்குதறி எனலாம்.

— — —

ஐயா, ‘தறி’ என்றதும் இன்று நெசவுதான் நினைவுக்கு வருகிறது, கைத்தறி, விசைத்தறி என்று. பழைய ‘கந்து’ பொருந்தாதா? அதுவும் யானை கட்டும் கம்பம்தான்.

— — —

அம்மா, கந்து நல்ல சொல்தான். நானும் முதலில் அதையே எழுதிப் பார்த்தேன். ஆனால் இன்று கந்து என்றாலே வட்டி வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘வாசலில் காப்புத்தறி நட வேண்டும்’ என்று எழுதினால் யாரும் நெசவை நினைக்க மாட்டார்கள். ‘நட’ என்ற வினையே பொருளைக் காட்டிவிடும். அதனால் வரைவில் ‘அமைக்க’, ‘வைக்க’ என்று வரும் இடங்களையும் ‘நட’ என்று மாற்றிவிடலாம்.

இன்னொன்று விட்டுப்போனது. இரண்டு தறிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்துக்கு ‘இடைவெளி’ போதும், புதுச்சொல் வேண்டாம். 1.2 மீட்டருக்கு மேல் போகப் போகக் கார் நுழையும் வாய்ப்பு கூடும், 0.9 மீட்டருக்குக் குறைந்தால் சக்கர நாற்காலிக்குக் கஷ்டம். இரண்டு அளவையும் ஒரே வாக்கியத்தில் எழுதுவோம்.