ஸ்டாவரன் சீமாட்டியும் கொட்டிய கோதுமையும்: வாசித்தவர்கள், கேட்டவர்கள் அனுபவப் பகிர்வு

கோல்காரன்:

நெதர்லாந்தின் ஸ்டாவரன் என்னும் துறைமுக ஊரில் வாழ்ந்த செருக்குமிக்க பணக்காரச் சீமாட்டியைப் பற்றிய பழங்கதையை வைத்து எங்கள் ஆசிரியர் ஆறு பேருக்கு எழுதிய தாளவாத்தியப் படைப்பில் எனக்குக் கிடைத்தது கோதுமை கொட்டும் வேலை. உலகிலேயே விலைமதிப்பற்ற பொருளைக் கொண்டுவா என்று அவள் அனுப்பிய மாலுமி டான்சிக்கிலிருந்து (இன்றைய போலந்தின் க்டான்ஸ்க்) கோதுமையோடு திரும்பி வர, அத்தனையையும் கடலில் கொட்டச் சொல்கிறாளே, அந்த இடம். (பிறகு, இது திரும்பி வந்தால்தான் எனக்கு வறுமை வரும் என்று தன் மோதிரத்தையும் கடலில் எறிகிறாள். அது ஒரு மீனின் வயிற்றில் திரும்பி வர, அவள் எல்லாவற்றையும் இழக்கிறாள்.) கப்பலின் இடப்பக்கமாக ஏற்றியதை வலப்பக்கமாகக் கொட்டு என்று அவள் சொல்வதால், நானும் சாக்கை மேடையின் இடப்பக்கத்திலிருந்து சுமந்து வந்து, வலப்பக்கத்தில் படுக்கவைத்திருந்த பேஸ் டிரம்மின் தோல்மீது கொட்ட வேண்டும் என்று இசைக்குறிப்பில் எழுதியிருந்தார். ஒத்திகையில் பாசிமணிகளைப் பயன்படுத்தினோம். மழை அடித்தாற்போல ஒலித்தது. நிகழ்ச்சியன்று உண்மையான கோதுமை வந்தது. தோலின்மீது குவியல் ஏற ஏற அதன் கனமே அதிர்வை அடக்கிவிட, நான் இன்னும் கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஒலி அடங்கிப்போனது. அந்த அமைதியில் முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி குனிந்து, மேடையிலிருந்து சிதறித் தம் காலடியில் விழுந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். மோதிரத்துக்கான குரோட்டல் (சுருதி கொண்ட சிறு உலோகத் தட்டு) ஒலித்தபோதும் அவர் நிமிரவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் அடுத்த நுழைவைத் தவறவிட்டேன்.

வடகடல்வாசி:

இதில் புதிர் ஒன்றும் இல்லை, நண்பரே. இரண்டாம் உலகப்போரின்போது, 1944–45 பசிக்குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் ஏறத்தாழ 20,000 பேர் இறந்தார்கள். துலிப் கிழங்கை வேகவைத்துத் தின்ற அந்தத் தலைமுறையின் கண்முன்னே தானியத்தைக் கொட்டினால் வேறென்ன நடக்கும்?

இதே கதையை வைத்து வேறொருவர் எழுதியதை நான் கேட்டிருக்கிறேன். மோதிரம் மீன் வயிற்றிலிருந்து திரும்பி வரும் இடத்தில், டிம்பனியின் (மிதியால் சுருதி மாற்றும் பெரிய முரசு) தோலின்மீது ஒரு குரோட்டலைக் கவிழ்த்து வைத்து, அதை வில்லால் இழுத்தபடியே டிம்பனியின் மிதியை மெல்ல அழுத்தினார்கள். சிறு பித்தளைத் தட்டின் சுருதி அசையாமல் நிற்க, அதற்கடியில் ஏதோ ஒன்று ஆழத்திலிருந்து வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. பக்கத்தில் இருந்த நண்பர் 'சாகுந்தலம்' என்று முணுமுணுத்தார். எனக்கும் அதுவே தோன்றியது.

மரிம்பாப் பித்தன்:

சாகுந்தலத்தை இங்கே இழுப்பது பொருந்தாது. அங்கே மீன் தரும் மோதிரம் மறந்ததை நினைவூட்டிச் சேர்த்து வைக்கிறது. இங்கே அது அழிவின் முன்னறிவிப்பு. ஒப்பிட வேண்டுமானால் கிரேக்க வரலாற்றாசிரியர் எரொடோட்டசு சொல்லும் சாமோசுத் தீவு மன்னன் பொலிக்கிராட்டசைச் சொல்லுங்கள்: அவன் எறிந்த மோதிரமும் மீனோடு திரும்பி வந்தது, அதோடு அவன் கதையும் முடிந்தது.

நான் இதுபோன்ற ஒரு படைப்பில் வைப்ரஃபோன் (உலோகச் சட்டங்களும் அவற்றின் கீழே ஒலிக்குழாய்களும் கொண்ட வாத்தியம்) வாசித்தேன். ஒரு கோதுமை மணி ஒலிக்குழாயின் வாயில் சுழலும் தகட்டில் சிக்கி, கடைசிச் சுரம் வரையில் டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஆகவே இனி வாசிக்கப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கோதுமையை முந்திய நாள் வெயிலில் உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் ஒலி மந்தமாகும். டிரம்மைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு மரவிளிம்பு வைத்து, அதன் உட்புறத்தில் கம்பளித்துணி ஒட்டுங்கள். இல்லையென்றால் மணிகள் மரத்தில் மோதும் ஓசைதான் அரங்குக்குக் கேட்கும். டிரம்மைச் சற்றே சாய்த்து வைத்தால் மணிகள் ஓரத்துக்கு உருண்டுவிடும், தோலும் விரைவில் ஊமையாகாது. வைப்ரஃபோனைக் குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். புயல் காட்சிக்குக் காங் என்னும் பெரிய வட்ட உலோகத் தட்டைத் தண்ணீரில் அமிழ்த்துவதாக இருந்தால் (அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1930களிலேயே செய்துவிட்டார், ஆகவே புதுமை என்று பெருமைப்பட வேண்டாம்) தொட்டியின் அடியில் தடித்த ரப்பர் விரியுங்கள். உலோகம் தொட்டியில் உரசினால் கடல் போய்ச் சமையலறை வந்துவிடும்.

கரைநடப்பவன்:

முந்தைய பதிவர் புயல் காட்சியைப் பற்றிப் பேசுவதால் சொல்கிறேன்: 1932இல் பெரிய தடுப்பணை எழுப்பி உள்கடலை மூடிவிட்டார்கள். இன்று ஸ்டாவரனுக்கு முன்னால் இருப்பது ஐசல்மீர் என்னும் நன்னீர் ஏரி. அங்கே ஓதம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. கதை நடப்பது இடைக்காலத்தில் என்று நீங்கள் மறுக்கலாம், மறுக்கத்தான் வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு இசையமைப்பாளரும் அலை டிரம்மை (உள்ளே மணிகள் உருண்டு கடலோசை எழுப்பும் முரசு) உருட்டியே தொடங்குவது எனக்குச் சலித்துவிட்டது.

நான் அந்த ஊருக்கே போய், துறைமுகத்தில் சீமாட்டியின் சிலைக்கு அருகே நின்றபடி ஒரு மாணவக் குழு வாசித்த ஒலிப்பதிவைக் காதொலிப்பானில் கேட்டேன். 2018இல் அமைத்த மீன் வடிவ நீரூற்று வாய் பிளந்து நீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. இசை முடிந்ததும் காதொலிப்பானைக் கழற்றினேன். குரோட்டல் மட்டும் நிற்கவில்லை. கட்டிவைத்திருந்த பாய்மரப் படகுகளின் கயிறுகள் காற்றில் உலோகக் கம்பங்களை அடித்துக்கொண்டிருந்தன. அதே மெல்லிய, உயர்ந்த ஒலி. அதற்குப் பின் எந்த மேடையில் குரோட்டலைக் கேட்டாலும் அந்தப் படகுத்துறையே நினைவுக்கு வருகிறது.

கோல்காரன்:

மரவிளிம்பு இருந்தது, உயரம் போதவில்லை. வைப்ரஃபோன் தப்பித்தது.

வடகடல்வாசிக்கு: நான் அவருடைய வயதையும் ஊரையும் கேட்கவில்லை, ஆகவே உங்கள் விளக்கத்தை ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் அவர் மேடையருகே வந்து, பொறுக்கிய மணிகளை என் உள்ளங்கையில் கொட்டிவிட்டு, இதை மறுபடியும் பயன்படுத்துவீர்களா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியேறும் வரை அந்தக் கையை மூடியபடியே நின்றேன். பிறகு, மற்றவர்கள் கூட்டி அள்ளிய கோதுமையைப் போட்டுக்கொண்டிருந்த அதே குப்பைப்பைக்குள் அதையும் போட்டேன்.