வேறு துறைக்காரரிடம் நீங்கள் கற்றது என்ன?

எம்.ஃபில் கிளினிக்கல் சைக்காலஜி (மருத்துவ உளவியல்) இரண்டு வருஷப் படிப்பு. அதில் பாதி, பாடம் நடத்தாதவர்களிடமிருந்துதான் வருகிறது. நான் தொடங்குகிறேன், சென்னையில் பயிற்சி எடுத்த மற்றவர்களும் எழுதுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு பையன், ஆறு வயது. பேச்சு சரியாக வரவில்லை, ஸ்கூலில் ஐ.க்யூ. ரிப்போர்ட் கேட்கிறார்கள் என்று அம்மா கூட்டி வந்தார். செகுவின் ஃபார்ம் போர்டு என்ற கட்டை பொருத்தும் சோதனைப் பலகையைக் கொடுத்தேன். பத்துக் கட்டைகளையும் அந்தந்தக் குழியில் டக்டக்கென்று போட்டுவிட்டான். வாயால் கேட்கும் கேள்விகள் வந்ததும் என் முகத்தையே பார்த்தான். "முகத்தை இல்ல, உன் உதட்டைப் பார்க்கிறான்" என்றார் பக்கத்திலிருந்த ஸ்பீச் தெரபிஸ்ட் அக்கா. பேப்பரால் வாயை மறைத்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன். அவன் பாட்டுக்குக் கட்டையை உருட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு ரிப்போர்ட்டில் எண் எதுவும் எழுதவில்லை, காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்டுக்கு அனுப்பினோம். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. காதுக்கு மெஷின் போட்ட பிறகுதான் மிச்ச சோதனை.

— நான் சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர். ஒரு அம்மாவின் ஃபைலில் "மாத்திரை போடுவதில்லை, நோய் இருப்பதை ஏற்கவில்லை" என்று இருந்தது. பயிற்சியிலிருந்த சைக்காலஜி தம்பியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வாசலில் வரிசையாகக் குடங்கள். மெட்ரோ வாட்டர் லாரி விடியற்காலையில் வரும். ராத்திரி படுக்கும்போது மாத்திரை போட்டால் அந்த நேரத்துக்கு அவரால் எழுந்திருக்க முடியாது. "தண்ணியா மாத்திரையான்னா, தண்ணிதான் சார்" என்றார். எல்லாரும் உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேசும் கேஸ் கான்ஃபரன்ஸில் தம்பிதான் எழுந்து இதைச் சொன்னார். டாக்டர் மாத்திரையைச் சாயங்காலத்துக்கு மாற்றினார். அப்புறம் அந்த அம்மா ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

— கொடுத்து வைத்தவர்கள்! நான் போஸ்டிங் போன ஓரிடத்தில், பெயர் வேண்டாம், சைக்காலஜிஸ்ட் என்றால் டெஸ்ட் போட்டு எண் கொடுக்கும் ஆள், அவ்வளவுதான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல நர்ஸ், சோஷியல் ஒர்க்கரோடு நம்மையும் மனநல நிபுணராகப் பதிவு செய்யச் சொல்கிறது. ரவுண்ட்ஸில் மட்டும் நமக்கு வாய் கிடையாது. அங்கே எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நைட் டியூட்டி நர்ஸ்தான். யார் தூங்கவில்லை, யார் சாப்பாட்டைத் தொடவில்லை, யாரைப் பார்க்க வீட்டிலிருந்து ஆளே வரவில்லை என்று எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். அதைப் படிக்காமல் எந்த பேஷண்ட் முன்னாலும் போய் உட்கார மாட்டேன்.