பிரேக் பேடை மாற்றினால் மட்டும் போதாது, ஸ்லைடு பின்னையும் பாருங்கள்

காரில் பிரேக் பேட் மாற்றும்போது, கழற்றிய பழைய பேடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்பக்கப் பேடையும் வெளிப்பக்கப் பேடையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் கவலை இல்லை. உள்பக்கம் இரும்புத் தகடு வரை போயிருக்க, வெளிப்பக்கத்தில் இன்னும் 5 மி.மீ. மிச்சம் என்றால் காலிப்பரின் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேடுகளால் இறுக்கும் கவ்வி) ஸ்லைடு பின் (காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் கம்பி) இறுகியிருக்கும், அல்லது பிஸ்டன் (பேடைத் தள்ளும் உருளை) சரியாகப் பின்வாங்கவில்லை. அதை விட்டுவிட்டுப் புதுப் பேட் போட்டால் அதுவும் அப்படியே ஒருபக்கமாகத் தேயும்.

ஸ்லைடு பின் விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பழைய கிரீஸ் பிசின் மாதிரி காய்ந்திருந்தால் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டு, சிலிக்கான் பிரேக் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். துரு அரித்துக் குழி விழுந்த பின்னை மாற்றத்தான் வேண்டும். பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸ் இங்கே ஆகாது. அது பட்டால் பின்னில் உள்ள ரப்பர் உப்பிப் போய் பின் மறுபடி பிடித்துக்கொள்ளும். நிறைய அப்பினாலும் துளைக்குள் காற்று அடைபட்டு பின்னை வெளியே தள்ளும். சில வண்டிகளில் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் வேறு வேறு, ஒன்றின் நுனியில் மட்டும் ரப்பர் இருக்கும். இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

*

முதல்முறை செய்பவர்களுக்காக முன் சக்கர வேலையின் வரிசை: ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டி தரையில் இருக்கும்போதே சக்கர நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். பிறகு ஜாக்கி, உடனே வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட். ஸ்டாண்ட் இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் காலிப்பர் போல்ட் கைக்கு வசமாக வரும். பெரும்பாலும் 12 முதல் 14 மி.மீ. ஸ்பேனர் சேரும். காலிப்பரைக் கம்பி போட்டு சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள், பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள் கெட்டுப்போகும், வெளியே பார்த்தால் தெரியாது.

பிஸ்டனைத் தள்ளுவதற்கு முன் பிரேக் ஆயில் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். நடுவில் யாராவது ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால் பிஸ்டன் உள்ளே போகப் போக அது வழியும், பெயிண்ட்டைத் தின்றுவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து, கிளாம்ப்பால் மெதுவாக இறுக்கினால் போதும். ஒரு பக்கத்தைப் பூட்டி முடித்த பிறகே அடுத்த பக்கத்தைக் கழற்றுங்கள். எது எப்படி இருந்தது என்று பார்த்துக்கொள்ள ஒரு மாதிரி மிச்சமிருக்கும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் புதுப் பேட் போட்டு நிறுத்தக் கூடாது, பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபுறம் இழுக்கும்.

*

பின் சக்கரத்தில் டிஸ்க் இருந்தால் கிளாம்ப்பை எடுக்கும் முன் யோசியுங்கள். ஹேண்ட் பிரேக் காலிப்பருக்குள்ளேயே இருக்கும் வண்டிகளில் பிஸ்டனை அழுத்தினால் போகாது, சுற்றிக்கொண்டேதான் உள்ளே தள்ள வேண்டும். அதற்குத் தனி டூல் உண்டு. பட்டன் ஹேண்ட் பிரேக் என்றால் முதலில் சர்வீஸ் மோடுக்கு (ஹேண்ட் பிரேக் மோட்டார் பிஸ்டனை விடுவிக்கும் நிலை) கொண்டுபோக வேண்டும். பலவந்தமாகத் தள்ளினால் மோட்டார் உடையும்.

*

புதுப் பேட் கீச்சிட்டால் எல்லோரும் பேடைத்தான் திட்டுகிறார்கள். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டில் பேடின் காது உட்காரும் கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள், அடியில் துரு கட்டியிருக்கும். வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, புதுக் கிளிப் போட்டு, காது உரசும் இடத்தில் மட்டும் துளி கிரீஸ். பேட் முகத்திலோ டிஸ்க்கிலோ கிரீஸ் படவே கூடாது. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் பேடோடு டிஸ்க்கையும் மாற்றுங்கள்.

எல்லாம் பூட்டியதும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதியுங்கள். முதல் மிதி தரை வரைக்கும் போகும், பிஸ்டன் இன்னும் பேடைத் தொட்டிருக்காது. இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் சுவரில்தான் நிற்கும். மிதித்தும் பெடல் இறுகாவிட்டால் லைனில் காற்று புகுந்திருக்கிறது, பிளீட் செய்யாமல், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றாமல், ஓட்ட வேண்டாம்.

பிறகு ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரைக்கும் மிதமாகப் பிரேக் பிடித்துக் குறையுங்கள். எட்டுப் பத்து முறை, இடையில் ஆற விட்டு. சூட்டோடு நிறுத்திப் பெடலை அழுத்தியே வைத்திருந்தால் பேடின் படிவு டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டி, பிற்பாடு பிரேக் அடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு சக்கர நட்டுகளை மறுபடி டார்க் (இறுக்கத்தின் அளவு) பார்த்துவிடுங்கள்.