வெளிநாட்டில் கார் ஓட்ட ஜிபிஎஸ் போதுமா, பேப்பர் மேப்பும் வேண்டுமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காரைக்கால்காரன்:

வெளிநாட்டில் சொந்தமாகக் கார் ஓட்டிச் சுற்ற நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு வீட்டிலாவது பிரான்சில் ஒரு சொந்தம் இருக்கும். எனக்கு சித்தப்பா வீடு பாரிஸ் பக்கம். போனால் வாடகைக் கார் எடுத்து ஓட்டுவது வழக்கம். என் கட்சி இதுதான்: எந்த வழியில் போவது என்று முடிவு செய்யப் பேப்பர் மேப், ஓட்டும்போது ஜிபிஎஸ். முடிவு செய்யும் வேலையையும் ஜிபிஎஸ்ஸிடம் விட்டுவிட்டால் அது காட்டாத வழிகள் இருந்ததே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

பாரிஸிலிருந்து ஜெனீவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். போனில் போட்டால் ஏ6 மோட்டார்வே பிடித்து மக்கோன், அங்கிருந்து ஏ40 என்று காட்டும். சுங்கம் கட்டிக்கொண்டே போகலாம். வேகமான வழிதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சித்தப்பா மிஷெலின் கம்பெனி போடும் சாலை மேப்பைக் கூடத்தில் தரையில் விரித்து, டிஜோன், டோல், பொலின்யி, மொரே, ஃபொசீய் கணவாய் என்று விரல் வைத்துக் காட்டியபோதுதான் அப்படி ஒரு பழைய சாலை இருப்பதே எனக்குத் தெரிந்தது. அந்த மேப்பில் பார்க்க அழகான சாலைகளுக்கு ஓரத்தில் பச்சைக் கோடு போட்டிருப்பார்கள். சித்தி தையல் டப்பாவிலிருந்து ஒரு நூலை எடுத்து, வளைவுக்கு வளைவு விரலால் அழுத்திப் படியவைத்து, அப்புறம் அதை ஸ்கேலில் நீட்டி அளந்தார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர், அவ்வளவுதான் கணக்கு. கணவாயின் உயரம் 1323 மீட்டர், பெரிய மலை ஒன்றும் இல்லை. ஆனால் வானம் தெளிவாக இருந்தால் ஏறி மறுபக்கம் இறங்கும்போது கீழே ஜெனீவா ஏரி, எதிரே மோன் பிளான் சிகரம். போனில் அந்த வழி இரண்டாவது வழியாகக்கூட வரவில்லை.

இன்னொரு விஷயம், இது முக்கியம். ஜூலையில் போகிற பயணத்துக்கு நாம் இங்கே பிப்ரவரியிலேயே உட்கார்ந்து திட்டம் போடுவோம். அப்போது ஆல்ப்ஸில் உயரமான கணவாய்கள் பனியால் மூடிக் கிடக்கும். பிரான்சில் இசெரான் 2764 மீட்டர், சுவிஸில் ஃபுர்கா 2429 மீட்டர், எல்லாம் குளிர்காலம் முழுக்க அடைத்திருக்கும். அன்றைய நிலவரத்தைப் பார்த்துச் சொல்கிற ஜிபிஎஸ் அந்த வழியை விட்டுவிட்டுச் சுற்றி அனுப்பும், நாமும் அங்கே சாலையே இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிடுவோம். மிஷெலின் மேப்பில் கணவாய்க்குப் பக்கத்தில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை பனியால் அடைபடும் என்று எண்களாகவே அச்சடித்திருக்கும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் தேதியே குறித்தோம்.

ஊர்ப் பெயரை டைப் செய்யும்போதும் கவனம் வேண்டும். பிரான்சில் செயின்ட் மார்டின் என்று தொடங்கும் ஊர்கள் ஏகப்பட்டது. ஐந்து இலக்க அஞ்சல் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். முதல் இரண்டு இலக்கம் மாவட்டம்: 39 என்றால் ஜூரா, 74 என்றால் ஓட் சவுவா. அது மேப்பில் நீங்கள் பார்த்த இடத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சுவிஸ் மோட்டார்வேயில் ஏறினால் 40 பிராங்க் வின்யெட் (மோட்டார்வேக் கட்டணச் சீட்டு) வாங்கியிருக்க வேண்டும். ஜெனீவாவுக்கு ஜெக்ஸ், ஃபெர்னே வழியாகச் சாதாரண சாலையிலேயே நுழைந்தால் அது தேவையில்லை. வேகக் காமெராவைக் காட்டிக்கொடுக்கும் வசதி ஜிபிஎஸ்ஸில் இருந்தால் எல்லையில் அணைத்துவிடுங்கள், சுவிஸில் அதற்குத் தடை.

நாகூர் தம்பி:

அண்ணே, நீங்கள் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஊருக்குள் ஓட்டும்போது பேப்பர் மேப் உதவாது. பினாங்கில் ஜார்ஜ் டவுன் முழுக்க ஒருவழித் தெருக்கள். சூலியா தெருவில் நம்ம நாகூர் ஆண்டவர் பெயரில் இருக்கும் தர்காவுக்குப் போக, இடது, வலது என்று குரல் சொல்லச் சொல்ல ஓட்டினால்தான் நிம்மதி. பக்கத்தில் உட்கார்ந்து மேப்பைப் பிரித்து வழி சொல்ல எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. நெடுஞ்சாலையில் எங்கே நெரிசல் என்பதையும் போன்தான் சொல்லும்.

ஆனால் கேமரன் மலை விஷயத்தில் மேப்தான் ஜெயித்தது. கோலாலம்பூரிலிருந்து போனால் ஜிபிஎஸ் தாப்பா வழியைக் காட்டும், தூரம் குறைவு. அது பழைய சாலை, குறுகல், வளைவுக்கு மேல் வளைவு. உம்மாவுக்கு மலைப்பாதை என்றாலே வயிற்றைப் புரட்டும். தங்கிய இடத்தில் மேசைமேல் ஒரு மடிப்பு மேப் கிடந்தது. அதில் ஈப்போ பக்கத்தில் சிம்பாங் பூலாயிலிருந்து இன்னொரு சாலை ஏறுவது தெரிந்தது. விசாரித்தால், அது அகலமான புது ரோடு, சுற்றுதான், ஆனால் வயதானவர்களுக்கு அதுதான் நல்லது என்றார்கள். உம்மா மேலே போய்ச் சேர்ந்ததும் டீ கேட்டார்கள். அதற்கே அந்தச் சுற்று தகும்.

திருவையாற்றிலிருந்து ஒருவன்:

நாங்கள் போனது இலங்கை, பாடல் பெற்ற தலங்கள் இரண்டையும் பார்க்க. மன்னார் பக்கம் திருக்கேதீச்சரம், கிழக்கே திருகோணமலை. போவதற்கு முன்னால் மேப்பை விரித்ததும் எங்கள் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "பாலம் எங்கெங்கடா இருக்கு?" கொள்ளிடக்கரை ஆளுக்கு அதுதான் தோன்றும். திருமானூர், நீலத்தநல்லூர், அணைக்கரை, இதில் ஒன்றைத் தவறவிட்டால் எதிரே தெரிகிற ஊருக்கு எவ்வளவு சுற்ற வேண்டும் என்று நமக்குத்தான் தெரியுமே. யாழ்ப்பாணமும் அப்படித்தான். தெற்கேயிருந்து காரில் வர ஆனையிறவு வழியாக ஏ9, அல்லது பூநகரி வழியாக ஏ32. இந்த இரண்டாவது வழியில் சங்குப்பிட்டிப் பாலம் 2011இல்தான் திறந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து திருக்கேதீச்சரத்துக்கு ஏ32 கடலோரமாகவே இறங்கும், கிளிநொச்சி, வவுனியா என்று சுற்ற வேண்டாம். இது மேப்பில் ஒரே பார்வையில் புரிந்தது. போனின் சின்னத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தால் முழு உருவமும் மனதில் நிற்காது.

மன்னாரிலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்கு ஜிபிஎஸ் போட்ட வழி சரியாகவே இருந்தது. ஆனால் அது சாயங்காலத்தில் கிளம்பச் சொல்லியும் வழி காட்டும், அந்தப் பக்கம் பொழுது சாய்ந்தால் யானை ரோட்டுக்கு வரும் என்று அதற்குத் தெரியாது. டீக்கடையில் ஒரு ஐயா சொன்னார், ஆறு மணிக்கு முன்னால் ஊர் சேர்ந்துவிடுங்கள் என்று. சேர்ந்துவிட்டோம்.

மன்னார்குடி அக்கா:

எல்லாம் சரி, நம்ம லைசென்ஸ் செல்லுமா? மேப் எங்கே வாங்குவது?

காரைக்கால்காரன்:

அக்கா, மேப்பை பிரான்சில் மோட்டார்வே பெட்ரோல் பங்க்கிலேயே விற்பார்கள், புத்தகக் கடையிலும் கிடைக்கும். லைசென்ஸுக்கு, கிளம்புவதற்கு முன்னால் நம்ம ஆர்டிஓ அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து, ஆயிரம் ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும். அசல் லைசென்ஸையும் கூடவே வைத்திருக்க வேண்டும். இலங்கைக்கு அது மட்டும் போதாது, அங்கே உள்ளூர் அனுமதியும் எடுக்க வேண்டும். அதற்குத் திட்டத்தில் நேரம் ஒதுக்கிவிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்கள்.