மாலாக்கில் 100 கேட்டால் சைஸ்ஆஃப் ஏன் 8 காட்டுகிறது?

கபிலன்64: சி மொழியில், மெமரி ஒதுக்கித் தரும் மாலாக்கில் (malloc) 100 பைட் கேட்டு ஒரு கேரக்டர் பாயின்டரில் வாங்கினேன். அதற்கு, அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் (sizeof) போட்டால் 8 வருகிறது. மிச்சம் 92 எங்கே போச்சு?

நள்ளிரவு: எங்கேயும் போகவில்லை. நீங்கள் அளந்தது பாயின்டரை, அதில் இருப்பது வெறும் முகவரி. 64 பிட் கணினியில் 8 பைட், 32 பிட்டில் 4, மாலாக்கில் எவ்வளவு கேட்டாலும் இதேதான். சைஸ்ஆஃப் கம்பைல் ஆகும்போதே முடிவாகிவிடும், மாலாக் நடப்பதோ ப்ரோக்ராம் ஓடும்போது.

கபிலன்64: சரி, ஆனால் மெமரியைத் திருப்பித் தரும் ஃப்ரீக்கு (free) வெறும் பாயின்டரைத்தானே கொடுக்கிறோம், அப்படியானால் அளவை எங்கோ குறித்துத்தானே வைத்திருக்க வேண்டும்? அதை நமக்குச் சொல்லாமல், ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் நீளத்தைத் தூக்கிக்கொண்டு அலை என்றால் அது மொழியின் குறைதான்.

நள்ளிரவு: குறித்திருப்பது நீங்கள் கேட்ட அளவு இல்லையே. 64 பிட் லினக்ஸில், அங்குள்ள சி லைப்ரரியான ஜிலிப்சியின் (glibc) மாலாக்_யூசபிள்_சைஸைக் கூப்பிட்டுப் பாருங்கள், 104 வரும். 100-உடன் தன் கணக்குக்கு 8 சேர்த்து, 16-இன் மடங்காக 112 ஆக்கி, அந்த 8 போக மீதி 104. அதை நம்பி லூப் ஓட்டினால் கடைசி நாலு பைட்டில் நீங்கள் எழுதாத குப்பையைத்தான் படிப்பீர்கள்.

பழையகம்பைலர்: நடுவில் வருகிறேன். இதில் கடிக்கிற இடம், மெமரியை ஒரே மதிப்பால் நிரப்பும் மெம்செட் (memset). எத்தனை பைட் என்று சொல்லும் மூன்றாவது இடத்தில் சைஸ்ஆஃப் பாயின்டர் என்று போட்டால் முதல் 8 பைட் மட்டும் பூஜ்யமாகும், ஆனால் புதிதாகக் கிடைக்கிற மெமரி பெரும்பாலும் ஏற்கெனவே பூஜ்யமாக இருப்பதால் சின்ன டெஸ்டில் எல்லாம் ஜோராக ஓடும். ஜிசிசி கம்பைலரில் வால் (-Wall) ஃபிளாக் போட்டால் எச்சரிக்கும், யார் போடுகிறார்கள்! ஃபங்ஷன் பாராமீட்டரில் 100 அளவுள்ள அரே என்று எழுதினாலும் உள்ளே அது பாயின்டர்தான், அங்கேயும் 8.

கபிலன்64: அளவைக் கேட்க லினக்ஸில் மாலாக்_யூசபிள்_சைஸ் இருக்கிறது, விண்டோஸில் _எம்சைஸ், மேக்கில் மாலாக்_சைஸ். எல்லாரும் கொடுக்கிறார்கள், ஸ்டாண்டர்டுக்கு மட்டும் என்ன வீம்பு?

நள்ளிரவு: அதே பாயின்டர், மாலாக்கில் வாங்காத ஒரு லோக்கல் அரேயின் நடுவில் நின்றால் எந்த அளவைச் சொல்வது? சி மொழி ஸ்டாண்டர்டின் சி23 பதிப்பில் வந்தது ஃப்ரீ_சைஸ்டு, அதில் அளவை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாலாக்கில் கேட்ட அதே 100. 104 என்று கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை.

கபிலன்64: ஆக, சுமை இன்னும் ஒன்று கூடியிருக்கிறது. நான் சொன்னதும் அதுதானே!