ஆயத்துல்லா மொன்தசெரி: பதவி போனதால்தான் கருத்து மாறினாரா?

கேள்வி:
1979இல் ஈரான் அரசியல் சட்டத்தில் விலாயதுல் ஃபகீஹை (ஃபகீஹ் எனும் மார்க்கச் சட்ட அறிஞரே ஆளவேண்டும் என்ற கொள்கையை) சேர்த்தது, அச்சட்டத்தை எழுதிய நிபுணர் அவை; அதற்கு ஷியா அறிஞர் மொன்தசெரிதான் தலைவர். பின்னாளில் அதையே கடுமையாக விமர்சித்தார். 1989 மார்ச்சில், ஈரானின் உச்சத் தலைவர் கொமெய்னியின் வாரிசு என்ற இடம் பறிபோன கோபம்தான் காரணம் என்கிறார்கள். அவர் எழுத்தை வைத்துப் பார்த்தால் இது சரியா?

பதில் 1:
சரியில்லை, சகோ. கருத்து நகர்ந்தது அதற்கு முன்பே. 80களில் கும் நகரில் அவர் நடத்திய பாடங்கள்தான் 'திராசாத்' என்ற நான்கு தொகுதி அரபு நூல். பாடம் நடந்தபோது அவர் ஆட்சியின் உச்சியில் இருந்தார்.

கொமெய்னி 1970இல் ஈராக்கின் நஜஃப் நகரில் ஆற்றிய சொற்பொழிவுகளில் உமர் இப்னு ஹன்ளலா அறிவிப்பைக் (இமாமின் சொல்லாக அவர் வழி வந்த செய்தியைக்) காட்டி, ஃபகீஹ்களை இமாமே (ஷியாக்களின் வழிகாட்டித் தலைவரே) நியமித்துவிட்டார் என்றார். மொன்தசெரி இந்த இடத்தில்தான் கைவைக்கிறார். ஒரே காலத்தில் தகுதியுள்ள ஃபகீஹ் பலர் இருப்பார்கள். எல்லோருக்கும் ஆளும் உரிமை என்றால் குழப்பம். ஒருவருக்கு மட்டும் என்றால், அவர் யார் என்று அறிய அறிவிப்பில் வழியில்லை. ஆகவே மறைவுக் காலத்தில் (கடைசி இமாம் மறைந்திருப்பதாக ஷியாக்கள் நம்பும் காலத்தில்) ஆள்வதற்கு இமாம் தகுதிகளை மட்டும் சொன்னார், ஆளைத் தேர்ந்தெடுப்பது மக்கள் என்று முடிக்கிறார். பைஅத், அதாவது மக்கள் தலைவருக்குத் தரும் விசுவாச உறுதிமொழி, அவருக்கு இரு தரப்பு ஒப்பந்தம். ஒப்பந்தம் என்றால் நிபந்தனை போடலாம், அதிகாரத்துக்கு எல்லையும் கட்டலாம். பின்னாளில் அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

பதில் 2:
வேர் பற்றிச் சொன்னது சரி. ஆனால் 'திராசாத்'திலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று வாசித்தால் தவறு. அதில் மக்கள் தேர்ந்தெடுத்த ஃபகீஹ் கையில்தான் சட்டம் இயற்றல், நிர்வாகம், நீதி என்ற மூன்று அதிகாரங்களும் குவிகின்றன. பின்னாளில் அவற்றைப் பிரிக்கலாம், ஃபகீஹ் சட்டம் மார்க்கத்துக்கு முரணாகாமல் மேற்பார்வை செய்தால் போதும் என்ற இடத்துக்கு வந்தார்.

இடையில் இரண்டு நடந்தன. 1988 கோடையில் சிறைக் கைதிகளைக் கூட்டமாகத் தூக்கிலிட்டதை எதிர்த்து கொமெய்னிக்கே கடிதம் எழுதினார்; ஆகஸ்டில் பொறுப்பிலிருந்த அதிகாரிகளை நேரில் கண்டித்தார். அந்த ஒலிப்பதிவு 2016இல் வெளிவந்தது. வாரிசுப் பதவி போனது இதன் விளைவு. கோபக் கதை காரண காரியத்தைத் தலைகீழாக்குகிறது. அடுத்து 1989 திருத்தம்: அரசியல் சட்டத்தின் 57ஆம் பிரிவில் தலைவரின் விலாயத்துக்கு (ஆளும் அதிகாரத்துக்கு) 'முழுமையான' என்ற அடைமொழி ஏறியது, தலைவர் மர்ஜாவாக (மக்கள் பின்பற்றும் மிக உயர்ந்த மார்க்க அறிஞராக) இருக்கவேண்டும் என்ற நிபந்தனை விழுந்தது. எல்லை கட்டிய அதிகாரம், தலைவரின் மார்க்க அறிவு என்று அவர் மனத்தில் இருந்த விலாயத்தின் இரு தூண்களும் போயின. 1997 நவம்பர் உரையில் இதைத்தான் வெளிப்படையாகக் கேட்டார். அதற்காக 2003 ஜனவரி வரை வீட்டுக்காவல்.

கேள்வி கேட்டவர்:
அப்படியென்றால் 1979ஐ அவர் கைவிட்டாரா?

பதில் 2:
இஸ்லாமிய அரசு என்ற எண்ணத்தைக் கடைசிவரை விடவில்லை. யாருக்கு உரிமை என்பதில்தான் வெகுதூரம் போனார். 2008இல் பஹாய்கள் (ஈரானில் ஒடுக்கப்படும் ஒரு சிறுபான்மை மதத்தினர்) பற்றிய ஃபத்வாவை (மார்க்கத் தீர்ப்பை) பாருங்கள்: அவர்கள் மதத்தை ஏற்கவில்லை, ஆனாலும் இந்த நாட்டுக்காரர்கள் என்பதால் நீரிலும் மண்ணிலும் உரிமை உண்டு, குடியுரிமையும் உண்டு என்கிறார்.